பதினாலாம் நம்பர் நிழல்

கொழுந்துபுரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு இருந்த பொட்டலில் கட்டடம் வருவதற்கு முன்னாலேயே அதன் நிழல் வந்துவிட்டது. வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. முதலில் பார்த்தவள் சர்பத்து வண்டிக்காரி முப்பிடாதி. ஐஸ் பெட்டியும் நன்னாரி பாட்டில்களும் கடகடக்க மேலரத வீதி நடைபாதைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், தான் வழக்கமாக நிற்கிற இடம் இருட்டிக் கிடப்பதைக் கண்டு, மேகமாக்கும் என்று அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தாள், நிழல் நூல் பிடித்ததுபோல் ஓரம் நேராகக் கிடந்தது. தகர வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சீமைக்கருவேலமும், பன்றிகளும், போன வாரம் மந்திரி வந்து நட்டுவிட்டுப் போன அடிக்கல்லும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. "சரி, என்னமோ ஒண்ணு வந்துட்டு" என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழம் நறுக்க உட்கார்ந்தாள். மாநகராட்சி செய்கிற காரியத்துக்குக் காரணம் கேட்கிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது.

அந்தப் பொட்டலில் பதினாலாம் நம்பர் கடை அவளுடையதாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு உயிரோடு இருந்த காலத்தில் வடக்கே போகிற வண்டி, தெற்கே போகிற வண்டி, மலைக்குப் போகிற வண்டி எல்லாம் அந்தக் கடைக்கு எதிரில்தான் வந்து பெருமூச்சு விட்டு நிற்கும். இறங்குகிறவனுக்குத் தாகம், ஏறுகிறவனுக்குத் தாகம், வழியனுப்ப வந்தவளுக்கு அழுது அழுதே தாகம். முப்பிடாதி கலக்கக் கலக்க, அவள் வீட்டுக்காரர் கொம்பையா ஒவ்வொரு கையிலும் நாலு கிளாஸைக் கவ்விக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுவார், வண்டி நகர்ந்த பிறகும் கூடவே ஓடி வெறும் கிளாஸை வாங்கிக்கொண்டு சிரித்தபடி திரும்புவார். ராத்திரி கடைசி வண்டி போனதும் ஷட்டரை இழுப்பதில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாதி வரைக்கும் இழுத்து நிறுத்தி, குனிந்து உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் முழுதாக இறக்குவார். உள்ளே என்னத்தைப் பார்க்கிறார் என்று கேட்டால், "சும்மா, போயிட்டு வாரேன்னு சொன்னேன்" என்பார்.

அப்புறம் ஊருக்கு வெளியே பைபாஸில் புது பஸ் ஸ்டாண்டு கட்டினார்கள். பழைய இடத்தில் பெரிய வணிக வளாகம் வரும், இடம் மாநகராட்சியுடையது, பணம் தனியார் கம்பெனியுடையது, இரண்டு பேரும் கூட்டு, கட்டி முடித்து முப்பது வருஷம் கம்பெனி ஆண்டுவிட்டு ஊருக்கே திருப்பிக் கொடுத்துவிடும், பழைய கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தரைத் தளத்தில் அதே நம்பரில் கடை உண்டு என்று கமிஷனர் மைக்கில் சொன்னார். போலீஸ் வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கடைக்காரர்கள் தாங்களாகவே சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கொம்பையா ஷட்டரைப் பாதியில் நிறுத்தி, எட்டிப் பார்த்து, இறக்கிவிட்டு, தொட்டுக் கும்பிட்டு வந்தார். மறுநாள் புல்டோசர் வந்தது. அதற்கப்புறம் டெண்டர் விட்டார்கள், ஒருத்தனும் வரவில்லை. மறுபடி விட்டார்கள், வந்தவன் ஓடிப்போனான். மறுபடி விட்டார்கள், கோர்ட்டுக்குப் போனது. கமிஷனர் மாறினார், மேயர் மாறினார், முப்பிடாதிக்குத் தலை நரைத்தது, வண்டிக்கு நாலு தரம் சக்கரம் மாற்றியாயிற்று, பொட்டலில் பன்றி குட்டி போட்டு அந்தக் குட்டியும் குட்டி போட்டது. கடைசியில் ஒரு கம்பெனி வந்து ஒப்பந்தம் போட்டு, வேலியில் பனைமர உயரத்துக்குப் படம் ஒன்றை மாட்டியது. படத்தில் ஐந்து மாடி, பூராவும் கண்ணாடி; வாசலில் நம்ம ஊர் வெயிலில் ஒரு நாள்கூட நிற்க முடியாத மனிதர்கள் கோட்டு போட்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

படம் மாட்டிய மறுநாள் நிழல் விழுந்தது. படத்தின் நிழல் என்று நினைத்துவிடாதீர்கள், ஊரே முதலில் அப்படித்தான் நினைத்தது. படத்தைக் கழற்றிப் பார்த்தார்கள், நிழல் அப்படியே கிடந்தது. நியாயமான நிழல் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே அது நடந்துகொண்டது. காலையில் மேற்கே மேலரத வீதி நடைபாதையில் படுத்து எதிர்வரிசைக் கடைகள் மேல் ஏறும், உச்சிப்பொழுதில் சுருண்டு வேலிக்குள் போய்விடும், சாயங்காலம் கிழக்கே சாக்கடை ஓடையைத் தாண்டிப் பெருமாள் கோயில் மதில் வரைக்கும் நீளும். கோயிலில் கூடிப் பேசி, வணிக வளாகத்தின் நிழலுக்குத் தீட்டு கிடையாது என்று முடிவு செய்தார்கள். மொட்டை மாடியில் வடகம் காயப்போடுகிற பெண்கள் நாலு நாள் திட்டிவிட்டு, நிழல் எத்தனை மணிக்கு விலகும் என்று வாட்ச் ரிப்பேர் கடை மைதீன் பாயிடம் கேட்டுவைத்துக்கொண்டார்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் பதினைந்தாம் நம்பர்க்காரரான அவரும் கடை போனபின் முப்பிடாதிக்குப் பக்கத்தில் பெட்டி வைத்திருந்தார். நிழலை நாலு நாள் உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கரெக்டா ஓடுத ஒரு சாமான் இந்த ஊருக்கு இதுக்கு முன்னால வரல" என்றார்.

மாநகராட்சியும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. இன்ஜினீயர்கள் நாடா பிடித்து அளந்து பார்த்ததில், அனுமதி கொடுத்தது ஐந்து மாடிக்கு, நிழலில் இருப்பதோ ஆறு என்று தெரிய வந்தது. நகரமைப்புப் பிரிவு உடனே கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்தது, கம்பெனி தப்பை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டியது, ஆறாவது மாடி முறைப்படுத்தப்பட்டது. அன்றோடு நிழல் சட்டப்படியான நிழல் ஆயிற்று. அதற்கு மேல் ஊரில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடிபட்டது முப்பிடாதிதான். அந்த நிழலில் மற்ற நிழல்களில் இல்லாத ஒரு குளிர்ச்சி இருந்தது. ஏசி போட்ட கட்டடத்தின் நிழல் என்பதாலோ என்னவோ, சித்திரை மாசத்திலும் அதற்குள் நுழைந்த ஆளுக்கு வியர்வை காய்ந்து, தொண்டை நனைந்து, தாகம் என்கிற சமாசாரமே மறந்துபோகும். "ஒரு சர்பத்து போடட்டா?" என்று அவள் கேட்பாள், "வேண்டாங்கா, குளுந்துருக்கு" என்று சொல்லிப் போய்விடுவார்கள். வண்டியைக் கிழக்கே தள்ளினால் சாயங்காலம் அங்கேயும் நிழல் வந்தது. நிழல் வேலிக்குள் ஒதுங்குகிற உச்சிவெயிலில் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஐஸ் உருகாமலே கிடந்து, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியது. வெயிலை நம்பிப் பிழைக்கிறவள் வேறு என்ன செய்வாள், கட்டடம் வரட்டும், கடை கைக்கு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடி வந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடின காலத்துக்குப் பிறகு அவர் ஓடி அவள் பார்த்ததில்லை.

"ஏட்டி முப்பிடாதி! நம்ம கடை வந்துட்டு! வந்து பாரு!"

"எங்கன?"

"நிழலுக்குள்ள!"

கண்ணாடிக் கட்டடம் அல்லவா, அதனால் நிழலிலும் கனத்த இடமும் லேசான இடமும் இருந்தது. வந்த புதிதில் ஒரே கறுப்பாகக் கிடந்தது, நாள் ஆக ஆகத் தெளிந்து, தூண் தூணாகவும் படி படியாகவும் பிரிந்து வந்திருந்தது. நடைபாதையில் வேலியை ஒட்டி வரிசையாகக் கட்டம் கட்டமாக வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொன்றும் ஷட்டர் திறந்த ஒரு கடை. ஒவ்வொரு கட்டத்துக்கும் நெற்றியில் நம்பர் பலகையின் நிழல் இருந்தது. பதினான்கு என்று எழுதிய கட்டத்துக்குள் கொம்பையா போய் நின்றுகொண்டார். இரண்டு பக்கமும் கை நீட்டிப் பார்த்தார். "பழசை விட ஒரு சாண் கூடவே இருக்குட்டி" என்றார். மைதீன் பாய் பக்கத்துக் கட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

இனி நடந்ததற்கு முழுப் பொறுப்பும் முப்பிடாதிதான், அதை அவளே கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். கொம்பையாவுக்கு அந்தக் கட்டத்தில் நின்றதே போதும் என்றிருந்தது. அவள்தான் விடவில்லை. வீடோ கடையோ, புதுசாக ஒரு இடத்துக்குப் போனால் பால் காய்ச்சாமல் போவது உண்டா? நம்பர் விழுந்திருக்கிறது, ஷட்டர் திறந்திருக்கிறது, வாசல் இருக்கிறது. பால் காய்ச்சாமல் புருஷன் உள்ளே போய் நின்றுவிட்டானே, விளங்குமா?

"கட்டடம் வரட்டுமே" என்றார் கொம்பையா.

"கட்டடம் வரும்போது வரட்டும். கடை வந்துட்டுல்லா? வந்த கடைய வெறும் வயித்தோட போட்டு வைப்பாகளா?"

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில், நிழல் நடைபாதையில் இருக்கும்போதே, பதினாலாம் நம்பர் கட்டத்துக்குள் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினாள். மாவிலைத் தோரணம் கட்ட நிலை இல்லை. நிலையின் நிழல் விழுந்த இடத்தில் தரையோடு தரையாக நீட்டி வைத்தாள். கொம்பையா புது வேட்டி கட்டி, வாசல் கோட்டில் எலுமிச்சம்பழத்தை மிதித்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். பால் பொங்கியது, அதுவும் கிழக்கே பார்த்துப் பொங்கியது, முப்பிடாதி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அதைப் பார்த்துப் பத்தாம் நம்பர் பூக்கடைக்காரி பால் காய்ச்சினாள், அல்வா விற்கிற பதினெட்டாம் நம்பர் லாலாக்கடைக்காரர் ஓமம் வளர்த்தார், மைதீன் பாய் பாத்திஹா ஓதிச் சீனி கொடுத்தார், அந்த நடைபாதையே கல்யாண வீடாகிவிட்டது. கம்பெனியிலிருந்து ஒரு பையன் கேமராவோடு வந்திருந்தான். நல்ல பையன், மரியாதையாகக் கைகட்டி நின்றான், பால் குடித்தான். "ஆன்ட்டி, வீடியோ சரியா விழல, இன்னொரு தடவை குலவை போடுங்களேன்" என்றான். போட்டாள், முன்னதை விட நன்றாகவே போட்டாள்.

அடுத்த மாதமே வேலியில் புதுப் பலகை வந்தது. "பணி நிறைவுற்றது, பழைய கடைக்காரர்களுக்குக் கடைகள் ஒப்படைக்கப்பட்டன" என்று எழுதியிருந்தது. முப்பது வருஷக் கணக்கு பால் பொங்கின வெள்ளிக்கிழமையிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது என்று பில் கலெக்டர் இசக்கிராஜா சொன்னான். மேலரத வீதியில் வரி வசூலிக்க வருகிறவன், முப்பிடாதியிடம் ஓசி சர்பத்து குடித்து வளர்ந்தவன். பொட்டலில் கருவேலத்தை வெட்டிப் போட்டு, உச்சிப்பொழுது நிழலில் கார் நிறுத்தச் சீட்டுப் போட்டார்கள். ஊரில் இருக்கிற கார் அத்தனையும் அந்தக் குளிர்ச்சிக்கு வந்து நின்றது. கட்டடம் ஏன் வரவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஆனால் நிழலே இவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கும்போது எந்தக் கிறுக்கன் செங்கல் வாங்குவான்?

முப்பிடாதியும் மைதீன் பாயும் திங்கட்கிழமை மனுநாளுக்குப் போனார்கள். கமிஷனர் புதியவர், மரியாதை தெரிந்தவர், உட்காரச் சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்தார். சுவரில் இருந்த பெரிய டிவியில் வீடியோவைப் போட்டார். ஹால் முழுக்க அவளுடைய குலவைச் சத்தம் எழும்பியது. மனு கொடுக்க வந்த சனம் அத்தனையும் திரும்பிப் பார்த்தது, இரண்டு மூன்று பேர் கைகூடத் தட்டினார்கள்.

"இது யாரும்மா?"

"நாந்தான் ஐயா."

"பால் பொங்குச்சா?"

"பொங்குச்சுய்யா."

"கைக்கு வராத கடையில யாராவது பால் காய்ச்சுவாங்களா, நீங்களே சொல்லுங்க."

மைதீன் பாய் எழுந்து, "ஐயா, அது நிழலுய்யா" என்றார்.

"நிழல்னு தெரிஞ்சுதானே பெரியவரே காய்ச்சினீங்க?" என்றார் கமிஷனர். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

கைக்கு வராத கடையில் பால் காய்ச்சமாட்டார்கள், அது முப்பிடாதிக்குத் தெரியாதா? அவளுடைய ஞாயத்தையே எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டார்கள். படி இறங்கும்போது, "என் வாயால நானே குலவை போட்டேனே பாய், அதுவும் ரெண்டு தடவை போட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பூக்கடைக்காரியும் லாலாக்கடைக்காரரும் அதற்கப்புறம் அவளைக் கண்டால் நல்ல விதமாகவே சிரித்தார்கள், ஆனால் நின்று பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

கொம்பையாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் காதில் வாங்கவே இல்லை. காலையில் குளித்து, விபூதி பூசி, கிளாஸ்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். நடைபாதையில் பதினாலாம் நம்பர் கட்டத்துக்குள் உட்காருவார். வெயில் ஏற ஏறக் கடை நகரும், அவரும் முக்காலியை நகர்த்திக்கொண்டே போவார். வேலிக்குள் போனால் கார் சீட்டுக்காரன் விரட்டுவான். வேலி ஓட்டை வழியாக மறுபடி நுழைவார். சாயங்காலம் கடை முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழக்கே சாக்கடை ஓரம் வரும், அங்கேயும் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்திருப்பார். இருட்டுகிற நேரத்தில் வெளிச்சக் கட்டம் கரையும்போது எழுந்து, குனிந்து உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

"யாருக்குங்க விக்கிய? ஒரு ஈ காக்கா இல்ல அங்கன" என்று அவள் ஒருநாள் கத்தினாள்.

"வருவாவ."

"வரமாட்டாவ! அது கடையே இல்லங்க! ஏமாத்திட்டானுவ, நான் கூமுட்டை ஏமாந்துட்டேன், வந்து வண்டியில நில்லுங்க!"

கொம்பையா அவளைச் சாந்தமாகப் பார்த்தார். "பால் பொங்கின கடைய விட்டுட்டு எங்கட்டி போவ?" என்று கேட்டார்.

அதற்கு மேல் அவள் அவரைத் தடுக்கவில்லை, தடுக்கிற வாயை அவளே அடைத்துவிட்டிருந்தாள். வண்டியில் நின்றபடி, எதிரில் நிழலுக்குள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிவாள். அந்தக் குளிர் சாதாரணக் குளிர் இல்லை, ஒருநாளும் வெயில் படாத குளிர். ஆவணியில் இருமல் வந்தது. வெந்நீரும் சுக்கும் கொடுத்தாள், நெஞ்சில் தைலம் தேய்த்தாள், சித்த நேரம் வெயிலில் உட்காருங்கள் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினாள். கடையை யார் பார்ப்பா என்று கேட்டார். ஐப்பசியில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது நெஞ்சு பூராவும் சளி கட்டிவிட்டது என்றார்கள். கட்டிலில் கிடந்து இரண்டு கைவிரல்களையும் விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். என்ன வேணும் என்று அவள் குனிந்து கேட்டாள்.

"கிளாஸ் பத்தலட்டி" என்றார். "வண்டி நிறைய ஆளு."

கார்த்திகை பிறந்ததும் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஊரில் கடைக்காரன் செத்தால் பாடை அவன் கடை வாசலில் ஒரு நிமிஷம் இறங்கும். அது கடந்து போகிற வரைக்கும் தெருவில் உள்ள கடைகள் எல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கி நிற்கும். காலையிலேயே எடுத்தார்கள். பெண்கள் வீட்டுச் சந்தின் முனை வரைக்கும்தான் வரலாம், சந்து முனை மேலரத வீதியைப் பார்த்து இருந்தது. முப்பிடாதியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். சங்கு ஊதியது. எதிர்வரிசையில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகப் பாதி இறங்கின. பாடை தூக்கினவர்கள் தங்களுக்குள் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, வேலி ஓரமாக ஒதுங்கி, நடைபாதையில் பதினாலாம் நம்பர் கட்டத்துக்கு முன்னால் இறக்கி வைத்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அப்போது நிழலுக்குள் பதினாலாம் நம்பர் ஷட்டர் இறங்கியது. தோரணம் வைத்த நிலைப் பக்கமிருந்து இருட்டு மெதுவாக வந்து, வெளிச்சக் கட்டத்தைப் பாதி மூடி, நின்றது. யாரோ குனிந்து உள்ளே பார்க்கிற அளவு நேரம் நின்றது. அப்புறம் முழுதாக இறங்கிவிட்டது.

"போயிட்டு வாரேன்னு சொல்லுதாவ" என்றாள் முப்பிடாதி. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது, வந்தது நிற்கவில்லை. பாடை போன பின்னால் எதிர்வரிசைக் கடைகள் எல்லாம் ஷட்டரைத் தூக்கிவிட்டு வியாபாரத்தைப் பார்த்தன. பதினாலாம் நம்பர் அன்றும் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை, வரிசையில் அந்த ஒரு கட்டம் மட்டும் கறுப்பாகக் கிடந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் எல்லாம் முடிந்து, அவள் மறுபடி வண்டி தள்ள ஆரம்பித்த சமயம், இசக்கிராஜா தயங்கித் தயங்கி வந்து நின்றான். அவனுக்கு ஒரு சர்பத்து போட்டுக் கொடுத்தாள். அவன் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எக்கா, சொல்லவே வாய் வரல. உங்க கடை அடைச்சே கெடக்குன்னு மேல பாத்துட்டாவ. அடைச்சுப் போட்ட கடைய வேற ஆளுக்கு விட்டுரணும்னு ஒப்பந்தத்துல இருக்காம். கம்பெனியில ஏற்கெனவே ஆளு பாத்துட்டாவ."

"நிழலையா?"

"ஆமாக்கா."

"நிழலையும் புடுங்குவாகளா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாளைக்குத்தான் கெடு, ஒருநாள் தொறந்து காட்டிருங்க எக்கா. நான் வந்து பாத்துட்டு, தொறந்திருக்குன்னு சொல்லிக்கிடுதேன். சும்மா ஒரு சாண் தூக்கினாப் போதும்."

அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவளும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தாள். அந்தக் கடை வேண்டும் என்று இப்போது அவளுக்கு ஆசை இல்லை. அதை நினைத்தாலே குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கடைசியாகப் பூட்டின கடை. உள்ளே அவர் எதையோ பார்த்துவிட்டுப் போன கடை. அதில் நாளைக்கு எவனோ ஒருத்தன் வந்து செல்போன் கவர் விற்பானா? விடமாட்டேன் என்று எழுந்து உட்கார்ந்தாள்.

காலையில் வண்டியைச் சந்திலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாள். நடைபாதையில் மண்டி போட்டு உட்கார்ந்து, பதினாலாம் நம்பர் ஷட்டரின் அடிக்கோடு விழுந்திருந்த இடத்தில் இரண்டு கையையும் கல் இடுக்கு மண்ணுக்குள் கொடுத்து, மூச்சை அடக்கித் தூக்கினாள். அசையவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி தூக்கினாள். போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள், யாரும் சிரிக்கவில்லை. மைதீன் பாய் பெட்டியை மூடிவிட்டு வந்து பக்கத்தில் மண்டியிட்டார்.

"தள்ளுங்க தங்கச்சி, நானும் ஒரு கை புடிக்கேன்."

பூக்கடைக்காரி பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். லாலாக்கடைக்காரர் வந்தார். இசக்கிராஜாவும் பையைத் தூர வைத்துவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு கையைக் கொடுத்தான். "தூக்கு, தூக்கு, இன்னும் கொஞ்சம்" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தார்கள். பாதையில் பதித்த கல் ஒன்று பெயர்ந்து வந்தது, நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. ஷட்டர் ஒரு நூல்கூட ஏறவில்லை. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. நிழல் அவர்கள் விரலுக்கு அடியிலிருந்து மெல்ல நழுவி, கடை கடையாக, வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளன வருவோம்" என்றார் மைதீன் பாய், வாட்சைப் பார்த்துக்கொண்டே.

"இன்னைக்குத்தான பாய் கடைசி நாள்" என்றான் இசக்கிராஜா.

எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, அவரவர் வண்டிக்குப் போனார்கள். முப்பிடாதி மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் உச்சந்தலையில் நேராக வெயில் விழுந்தது. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குளிர்ச்சியாக ஒரு வாய் குடித்தால் தேவலை என்று, அந்த இடத்தில் தாகம் எடுத்தால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஊருக்கே பழகியிருந்ததோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பதினாலாம் நம்பர் கடை பூட்டியிருந்தது.